கண்ணில்லாத குண்டுகள்: மலாயா மண் மறக்காத வரலாறு

2023 செப்டம்பர் 26ஆம் நாள் சிங்கப்பூரின் அப்பர் புக்கிட் தீமா வட்டாரத்தில் 4,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆறு நாள்களுக்கு முன்பு அங்கே ஒரு கட்டுமானத் தளத்தில் மண்ணைத் தோண்டியபோது துருப்பிடித்த இரும்பு உருளை ஒன்று வெளிப்பட்டது. 100 கிலோ எடையுள்ள விமான குண்டு! இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தது. அதை அங்கிருந்து நகர்த்துவது ஆபத்து என்று முடிவு செய்த சிங்கப்பூர் ஆயுதப் படையின் வெடிகுண்டு அகற்றும் பிரிவினர், கிடந்த இடத்திலேயே பாதுகாப்பாக வெடிக்க வைத்தார்கள்.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள்! அந்தக் குண்டு செய்யப்பட்ட காலத்தில் பிறந்த குழந்தைகள் இன்று கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி ஆகிவிட்டார்கள். பக்கத்திலேயே சாலை வந்தது, அடுக்குமாடி வீடுகள் வந்தன, பள்ளிப் பிள்ளைகள் தினமும் நடந்து போனார்கள். இரும்புக் கூட்டுக்குள் இருந்த வெடிமருந்து மட்டும் அப்படியே கிடந்தது.

நேயர்களே, இந்தக் குண்டு எப்படிச் செய்யப்படுகிறது? எப்படி விழுகிறது? விமானத் தளத்தையும் துறைமுகத்தையும் குறிபார்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் குண்டு, ஏன் கடைத்தெருவிலும் வீட்டுக் கூரையிலும் விழுந்தது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால் சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் ஆகிய மூன்று நகரங்களின் கதையும் கூடவே வந்துவிடுகிறது.

குண்டுக்குள் என்ன இருக்கிறது?

விமான குண்டு என்றதும் ஏதோ பெரிய விஞ்ஞான அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண விமான குண்டு மிக எளிமையான பொருள். ஓர் எஃகுக் கூடு. அதற்குள் டி.என்.டி. போன்ற வெடிமருந்து. அதை வெடிக்கத் தூண்டும் பியூஸ். நேராக விழ வைக்கும் வால் துடுப்புகள். விமானத்தில் மாட்டுவதற்கு முதுகில் இரண்டு கொக்கி வளையங்கள். அவ்வளவுதான்.

இதில் இயந்திரம் கிடையாது. திசை மாற்றும் கருவி கிடையாது. விமானத்தை விட்டுப் பிரிந்த பிறகு அதை யாராலும் திருப்ப முடியாது, நிறுத்தவும் முடியாது. ராணுவத்தில் இதை ஊமைக் குண்டு என்று சொல்வார்கள். கண்ணில்லாத குண்டு என்பது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

அந்தச் சிறிய பியூஸ் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. குண்டின் மூக்கில் சிறு காற்றாடி போன்ற ஒன்று இருக்கும். விமானத்தில் மாட்டியிருக்கும் வரை ஒரு கம்பி அதைச் சுழல விடாமல் பிடித்துக்கொள்ளும். குண்டு விழும்போது கம்பி உருவிக்கொள்ள, காற்றாடி சுழலத் தொடங்கும். குறிப்பிட்ட எண்ணிக்கை சுற்றிய பிறகுதான் குண்டு வெடிக்கத் தயாராகும். விமானத்துக்கு அடியிலேயே வெடித்து, போட்டவனையே கொன்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குண்டை வடிவமைத்தவர்கள் மேலே இருப்பவருக்கு எவ்வளவு அக்கறையோடு பாதுகாப்புச் செய்திருக்கிறார்கள், பாருங்கள்!

எடையிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டன் பயன்படுத்திய பொதுவகைக் குண்டில் வெடிமருந்து மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் இரும்பு. பின்னால் வந்த 4,000 பவுண்டு குண்டில் கூட்டை மெல்லியதாக்கி, முக்கால் பங்கு வெடிமருந்தை நிரப்பினார்கள். இரும்பு அதிகமானால் சிதறல் அதிகம். அது மனிதரையும் வாகனத்தையும் துளைக்கும். வெடிமருந்து அதிகமானால் காற்றதிர்வு அதிகம். அது கூரைகளைத் தூக்கி எறிந்து, சுவர்களைச் சாய்க்கும்.

போருக்குப் பிறகு, அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனப் பொறியாளர் எட் ஹைன்மன் குண்டின் உருவத்தையே மாற்றினார். பருத்த உருளையாக இருந்தது நீண்டு, மெலிந்து, மீன்போல ஆனது. வேகமாகப் பறக்கும் ஜெட் விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கினால் காற்றுத் தடை குறைய வேண்டும் என்பதுதான் காரணம். அதிலிருந்து பிறந்ததே மார்க் 80 வரிசை. அந்த வரிசையில் மார்க் 82 என்பது 500 பவுண்டு, அதாவது 227 கிலோ வகை. அதில் சுமார் 87 கிலோ வெடிமருந்து. இந்த வரிசைக் குண்டுகள் இன்றும் பல நாடுகளின் கிடங்குகளில் இருக்கின்றன.

விழும் கணக்கு

அடுத்து, இது எப்படி விழுகிறது? கையிலிருந்து நழுவும் தேங்காய்போல நேர் கீழே விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓடும் பேருந்தின் சன்னல் வழியாக ஒரு பொருளை விட்டால் அது பேருந்தின் வேகத்தையும் சுமந்துகொண்டு முன்னால் போய் விழுமல்லவா? குண்டும் அப்படித்தான்.

மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், குண்டு தரையைத் தொட ஏறக்குறைய 25 விநாடிகள் ஆகும். அதற்குள் அது இரண்டரைக் கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். அதாவது, இலக்குக்கு இரண்டரைக் கிலோமீட்டர் முன்பே பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

ஒரே ஒரு விநாடி தாமதித்தால் குண்டு 100 மீட்டர் தள்ளி விழும். விமானத்தின் உண்மையான வேகத்தை மணிக்கு 36 கிலோமீட்டர் தவறாகக் கணித்தால் 250 மீட்டர் தள்ளி விழும். இதற்கு மேல் காற்றின் திசை, மேகம், புகை, கீழேயிருந்து சுடும் பீரங்கி, விமானியின் பயம்! நகரத்தில் 250 மீட்டர் என்றால் என்ன? துறைமுகத்துக்கும் துறைமுகத் தொழிலாளர் வீட்டுக்கும் இடையில் உள்ள தூரம். ரயில் நிலையத்துக்கும் அதன் பின்னால் உள்ள குடியிருப்புக்கும் இடையில் உள்ள தூரம்.

இந்தக் குறை யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. குண்டு போடச் சொன்னவர்களுக்கு நன்றாகவே தெரிந்த ஒன்று. தெரிந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

நான்கு கையெறி குண்டுகளில் தொடங்கியது

விமானத்திலிருந்து குண்டு போடும் பழக்கம் 1911 நவம்பர் 1ஆம் தேதி லிபியாவில் தொடங்கியது. துருக்கியப் பேரரசிடமிருந்து லிபியாவைப் பறிக்க இத்தாலி போர் தொடுத்திருந்த நேரம். ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய லெப்டினன்ட், சிறிய விமானம் ஒன்றில் தன்னந்தனியாகப் பறந்து, நான்கு சிறு கையெறி குண்டுகளைக் கையாலேயே கீழே போட்டார். ஒரு கையில் விமானத்தின் கட்டுப்பாடு, மறு கையில் குண்டு!

சேதம் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு கதவு திறந்துவிட்டது. அதுவரை போர்க்களம் என்றால் இரண்டு படைகள் மோதும் இடம். அதற்குப் பிறகு, விமானம் எட்டும் இடமெல்லாம் போர்க்களம். 26 ஆண்டுகள் கழித்து, 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயின் நாட்டின் கெர்னிக்கா என்ற சிறு நகரம் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களின் குண்டுகளால் அழிந்தது. அடுத்த ஆண்டு முதல் சீனாவின் சுங்கிங் நகரத்தை ஜப்பானிய விமானங்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கின. அப்போது மலாயாவில் அந்தச் செய்திகளைப் பத்திரிகையில் படித்தவர்கள், அதே விமானங்கள் நம் தலைக்கு மேலும் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

விளக்கு அணையாத சிங்கை

1941 டிசம்பர் 8. நள்ளிரவுக்குப் பின் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையேறின. அன்று விடியற்காலை நான்கு மணிக்கு மேல், இந்தோசீனாவிலிருந்து புறப்பட்ட ஜப்பானியக் கடற்படையின் 17 குண்டுவீச்சு விமானங்கள் சிங்கப்பூர் வானில் தோன்றின.

நகரத்தில் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தாக்குதல் முடியும் வரை அவை அணைக்கப்படவே இல்லை. தெங்கா, சிலேத்தார் விமானத் தளங்கள் தாக்கப்பட்டன. ஆனால் குண்டுகள் ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுன் பகுதியிலும் விழுந்தன. அன்று 61 பேர் மாண்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். போர் என்பது எங்கோ தூர தேசத்தில் நடப்பது என்று நம்பிப் படுத்தவர்கள் அவர்கள்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தான் கடற்பகுதியில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு மாபெரும் போர்க்கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. 840 மாலுமிகள் மடிந்தார்கள். இந்தச் சம்பவத்தில் நம் தலைப்புக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. முதலில் வந்த ஜப்பானிய விமானங்கள் உயரத்திலிருந்து போட்ட குண்டுகளில் ரிபல்ஸ் கப்பலைத் தொட்டது ஒன்றே ஒன்று. கப்பல்களைக் கவிழ்த்தவை, தாழப் பறந்து வந்து கடலில் விட்ட டார்ப்பிடோக்கள்தாம். நல்ல பயிற்சி பெற்ற விமானிகள், பட்டப்பகல், பார்வைக்குத் தெளிவாகத் தெரியும் பெரிய கப்பல். அப்படியிருந்தும் உயரத்திலிருந்து விழுந்த குண்டு பெரும்பாலும் தண்ணீரில்தான் விழுந்தது.

கடலில் குறி தவறினால் தண்ணீர் எழும்பும். ஊருக்குள் குறி தவறினால்?

பினாங்கில் அண்ணாந்து பார்த்தவர்கள்

அதற்கு விடை மறுநாளே கிடைத்தது. 1941 டிசம்பர் 11, பினாங்கு ஜார்ஜ் டவுன். வானத்தில் விமானங்கள் வரிசையாக வந்தன. மக்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அது வேடிக்கை பார்க்கும் புத்தி என்று குறை சொல்ல முடியாது. விமானம் வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்? ஓடி ஒளியப் போதுமான பதுங்கு குழிகளும் இல்லை. எதிர்த்துச் சுட விமான எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை.

நெரிசலான கடைவீதிகளில் குண்டுகள் விழுந்தன. தாழப் பறந்த விமானங்கள் இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டன. மாண்டவர்களும் காயமடைந்தவர்களும் ஆயிரக்கணக்கில். அடுத்தடுத்த நாள்களிலும் தாக்குதல் தொடர, மக்கள் ஆயர் ஈத்தாம் பக்கமும் குன்றுப் பக்கமும் ஓடினார்கள். பிணங்களை எடுக்க ஆளின்றி, கடைகள் கொள்ளை போக, நகரம் நாதியற்றுக் கிடந்தது. டிசம்பர் 16ஆம் தேதி இரவோடு இரவாக பிரிட்டிஷ் அதிகாரிகளும் ஐரோப்பியர்களும் தீவை விட்டு வெளியேறிவிட்டார்கள். உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டார்கள்.

அந்த நேரத்தில் முன்னுக்கு வந்தவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர். பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். நகரத்தில் இனிப் படை எதுவும் இல்லை, குண்டு போட வேண்டாம் என்ற அறிவிப்பு பினாங்கு வானொலி வழியே ஒலிபரப்பானது.

சற்று எண்ணிப் பாருங்கள். விழும் குண்டைத் திருப்ப யாராலும் முடியாது. அதை அனுப்புகிறவரின் மனத்தைத் திருப்ப மட்டுமே வழி உண்டு. பேனா பிடித்த ஒரு மனிதரும் அவருடைய நண்பர்களும் அதைத்தான் செய்தார்கள்.

பினாங்கைத் தொடர்ந்து 1942 சனவரி மாதத்தில் சிங்கப்பூர் மீது நாள்தோறும் விமானங்கள் வந்தன. 27, 54, 81 என்று கூட்டம் கூட்டமாக வரும். தலைமை விமானம் குண்டை விட்ட அடுத்த கணம் எல்லா விமானங்களும் விடும். தனித்தனியாகக் குறிபார்ப்பதே கிடையாது. கீழே உள்ள ஒரு பரப்பு முழுவதையும் மூடிவிடும் முறை அது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது.

குறியைப் பெரிதாக்கினார்கள்

ஜப்பான் மட்டும்தான் இப்படியா? இல்லை, நேயர்களே. வரலாற்றை ஒரு கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது.

1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் ஓர் அறிக்கை வந்தது. அதைத் தயாரித்தவர் டேவிட் பட் என்ற அரசு அதிகாரி. ஜெர்மனி மீது குண்டு போட்டுத் திரும்பிய விமானங்கள் எடுத்த 600க்கும் மேற்பட்ட புகைப்படங்களை அவர் ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கியதாக விமானிகள் சொன்ன விமானங்களில், மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருந்தது. ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர்! தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதியில் அதுவும் பத்தில் ஒன்றுதான்.

குறி தவறுகிறது என்பது கையில் எழுத்தாக வந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்? குண்டு போடுவதை நிறுத்தலாம். நன்றாகக் குறிபார்க்கும் வழி கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கலாம். மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. குறியையே பெரிதாக்கிவிடலாம். ஒரு தொழிற்சாலையைத் தொட முடியவில்லையா? அப்படியானால் தொழிற்சாலை இருக்கும் நகரம் முழுவதையும் இலக்கு என்று அறிவித்துவிட்டால், எந்தக் குண்டும் குறி தவறாது!

பிரிட்டன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே முதன்மை நோக்கம் என்ற ஆணை 1942 பிப்ரவரி 14ஆம் தேதி பிறப்பிக்கப்பட்டது. சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள்! ஹாம்பர்க், டிரெஸ்டன் முதலிய நகரங்கள் எரிந்தது அந்த வழியில்தான்.

தாங்கள் அப்படிச் செய்வதில்லை, பகலில் பறந்து துல்லியமாகப் போடுகிறோம் என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள். நோர்டன் என்ற குறிபார்க்கும் கருவி அவர்களிடம் இருந்தது. வானத்திலிருந்து ஊறுகாய்ப் பீப்பாய்க்குள்ளேயே குண்டைப் போடலாம் என்று அதைப் பற்றிப் பெருமை பேசினார்கள். போர் முடிந்த பிறகு அவர்களே செய்த ஆய்வு வேறு கணக்கைக் காட்டியது. ஐரோப்பாவில் துல்லிய இலக்குகளை நோக்கிப் போட்ட குண்டுகளில் ஏறத்தாழ 20 விழுக்காடுதான் குறியைச் சுற்றி ஆயிரம் அடி வட்டத்துக்குள் விழுந்திருந்தது. மற்ற எண்பது?

ஒரே நாள், இரண்டு நகரங்கள்

1945ஆம் ஆண்டு பிறந்தபோது மலாயா வானில் பறந்தவை நேசநாட்டு விமானங்கள். வங்காளத்தின் கரக்பூர் பகுதியிலிருந்து புறப்பட்ட அமெரிக்காவின் பி-29 விமானங்கள், ஜப்பானியர் வசமிருந்த சிங்கப்பூர் துறைமுகத்தையும் கோலாலம்பூர் ரயில்வே நிலையங்களையும் தாக்கின. பிப்ரவரி 18ஆம் தேதி செந்தூல் ரயில்வே பட்டறை தாக்கப்பட்டது. செந்தூல் பட்டறை என்றால் நம் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரயில்வேயை நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்து வாழ்ந்த இடம் அது. ஜப்பானியரை விரட்ட வந்த குண்டும், ஜப்பானியர் போட்ட குண்டும், கீழே இருந்த தொழிலாளிக்கு ஒரே மாதிரிதான்.

மார்ச் 10ஆம் தேதி பி-29 விமானங்கள் மீண்டும் வந்தன. இலக்கு, கோலாலம்பூர் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வளாகம். ஆனால் குண்டு பக்கத்தில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தின் மீதும் விழுந்து, கட்டடத்தின் ஒரு பகுதியை அழித்துவிட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அரும்பொருள்கள் இருந்த இடம் அது. சுதந்திர மலாயா அந்த இடத்தில்தான் புதிய தேசிய அரும்பொருளகத்தைக் கட்டி, 1963 ஆகஸ்ட் 31இல் திறந்தது. பள்ளிச் சுற்றுலாவாக அங்கே போன நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்த வளாகம் எழுந்த நிலம், குறி தவறிய குண்டு விழுந்த நிலம் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

அதே மார்ச் 10ஆம் தேதி விடியும் முன்பு, அதே வகை பி-29 விமானங்கள் 279, டோக்கியோ நகரத்தின் மீது தீக்குண்டுகளைப் பொழிந்து முடித்திருந்தன. அதற்கு முன்பு ஜப்பான் மீது உயரத்திலிருந்து போட்ட குண்டுகள், அங்கே வீசும் கடுமையான மேல்காற்றினால் குறி தவறிக்கொண்டே இருந்தன. எனவே அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லமே முறையை மாற்றினார். இரவில், தாழ்வாகப் பறந்து, மர வீடுகள் நெருக்கமாக இருந்த பகுதியையே கொளுத்தச் சொன்னார். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள்.

துல்லியம் பேசியவர்களும் கடைசியில் குறியைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

காட்டின் மேல் 15,000 டன்

உலகப் போர் முடிந்தும் மலாயா வானில் குண்டு விமானங்களின் ஓசை ஓயவில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களைத் தேடி பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்கள் பறந்தன. தெங்கா தளத்திலிருந்து இயங்கிய ஆஸ்திரேலிய விமானப் படையின் முதலாம் அணி மட்டும் லிங்கன் விமானங்களைக் கொண்டு 3 கோடியே 30 லட்சம் பவுண்டு எடையுள்ள குண்டுகளைப் போட்டது. அதாவது, ஏறக்குறைய 15,000 டன்.

சிறு சிறு குழுக்களாக நகரும் மனிதர்களுக்கு எதிராக ஆயிரம் பவுண்டு குண்டுகள்! அடர்ந்த காட்டின் மேல்விதானம் இலக்கை மறைத்தது. மரங்கள் வெடிப்பின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன. அந்தப் போராட்டத்தின் முடிவை எழுதியவை புதுக்கிராமங்களும், உணவுக் கட்டுப்பாடும், துப்புத் தகவலும், அரசியல் சுதந்திரமுமே. கண்ணில்லாத குண்டு காட்டுக்குள்ளும் கண்ணில்லாமலே இருந்தது.

மண்ணுக்குள் முடியாத போர்

போட்ட குண்டுகள் எல்லாம் வெடிப்பதில்லை. பியூஸ் பழுதாகும், சேற்றில் விழுந்தால் மோதலின் அதிர்ச்சி போதாமல் போகும். சில குண்டுகள் வேண்டுமென்றே தாமதமாக வெடிக்கும்படி செய்யப்பட்டவை. அவற்றில் ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் திரவம் இருக்கும். குண்டு மோதும்போது குப்பி உடைந்து, திரவம் ஒரு செல்லுலாய்டு தகட்டை மெல்ல மெல்லக் கரைக்கும். தகடு கரைந்ததும் குண்டு வெடிக்கும். தீயணைப்போரும் மீட்புப் பணியாளர்களும் வந்து சேர்ந்த பிறகு வெடிக்க வேண்டும் என்பதற்காக மனிதன் யோசித்துச் செய்த வேலை இது!

விழுந்த குண்டு மண்ணுக்குள் புரண்டு மூக்கு மேல்நோக்கி நின்றுவிட்டால், திரவம் தகட்டைச் சரியாகத் தொடாது. ஆனால் தகடு தானாகவே ஆண்டுக்கணக்கில் நலிந்துகொண்டே போகும். 2010 சூன் 1ஆம் தேதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், இத்தகைய குண்டு ஒன்று அகற்றப்படும் முன்பே வெடித்து மூன்று நிபுணர்களைக் கொன்றது. 2024 அக்டோபர் 2ஆம் தேதி ஜப்பானின் மியாசாகி விமான நிலையத்தில், ஓடுபாதைக்குச் செல்லும் வழியின் அடியில் கிடந்த அமெரிக்கக் குண்டு தானாகவே வெடித்துப் பெரும் பள்ளத்தை உண்டாக்கியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

நம் ஆசியான் குடும்பத்தில் இந்தத் துயரை அதிகம் சுமக்கும் நாடு லாவோஸ். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைப் போட்டது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்காமல் வயலிலும் காட்டிலும் கிடந்தன என்பது மதிப்பீடு. பந்து அளவில் இருக்கும் அவற்றை விளையாட்டுப் பொருள் என்று எடுத்த பிள்ளைகள் கை இழந்தார்கள், உயிர் இழந்தார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள்!

கண் வந்த பிறகும்

குண்டுக்குக் கண் வைக்கும் முயற்சியும் அதே காலத்தில் நடந்தது. வட வியட்நாமின் தான் ஹோவா பாலத்தை 1965 முதல் அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான முறை தாக்கியும் பாலம் நின்றது, விமானங்கள்தான் விழுந்தன. 1972 மே மாதத்தில் லேசர் ஒளியைப் பின்தொடரும் குண்டுகள் வந்தன. பாலம் சாய்ந்தது. 1999 கொசோவோ போரில், செயற்கைக்கோள் வழிகாட்டும் வால்பகுதியைப் பழைய மார்க் 80 குண்டுகளிலேயே பொருத்திப் போட்டார்கள்.

அப்படியானால் கண்ணில்லாத குண்டின் காலம் முடிந்ததா? முடியவில்லை. வழிகாட்டும் கருவி சேர்ந்தால் குண்டின் விலை பல மடங்கு ஏறும். கண்ணில்லாத குண்டோ மலிவு. கிடங்கில் மலைபோலக் குவிந்திருப்பது. காஸா மீது இஸ்ரேல் அதுவரை வீசிய வான்குண்டுகளில் 40 முதல் 45 விழுக்காடு வழிகாட்டும் கருவி இல்லாதவை என்று அமெரிக்க உளவுத் துறை மதிப்பிட்டதாக, 2023 டிசம்பரில் சி.என்.என். செய்தி வெளியிட்டது. உலகத்திலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று காஸா.

கண் உள்ள குண்டும் நியாயமான குண்டு ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவி, சொன்ன இடத்தில் சரியாக விழ வைக்கும். எந்த இடம் என்று சொல்வது மனிதன்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1977இல் ஜெனிவா ஒப்பந்தங்களுக்குக் கூடுதல் நெறிமுறை ஒன்று சேர்க்கப்பட்டது. நகரத்துக்குள் தனித்தனியாக இருக்கும் ராணுவ இலக்குகளை ஒரே இலக்கு என்று கருதி, அந்தப் பரப்பு முழுவதையும் குண்டுவீசித் தாக்குவது கூடாது என்று அதன் 51ஆம் விதி தடை செய்கிறது. 1942இல் செய்ததும் 1945இல் செய்ததும் தவறு என்பதை உலகம் எழுத்தில் ஒப்புக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகும் மீறல் நின்றபாடில்லை.

செய்தியில் அடிக்கடி ஒரு வாக்கியம் வருகிறது. "குண்டு குறி தவறிவிட்டது" என்பார்கள். அடுத்த முறை அதைக் கேட்கும்போது நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே சில கேள்விகளை எழுப்பலாம். அது என்ன வகைக் குண்டு? எவ்வளவு உயரத்திலிருந்து போட்டார்கள்? தவறினால் எங்கே விழும் என்று முன்பே கணக்குப் போட்டார்களா? அங்கே வாழ்பவர்கள் யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால், தவறியது குண்டு மட்டுமல்ல.

வீட்டில் தொண்ணூறைத் தொட்ட பெரியவர்கள் இருந்தால், ஜப்பான்காரன் காலத்தில் அபாயச் சங்கு ஊதியபோது எங்கே ஓடினீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நினைவுகளைச் சொல்ல இன்னும் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். தோட்டத்திலோ கட்டுமான இடத்திலோ துருப்பிடித்த உருளை ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். விலகி நின்று காவல் துறைக்குச் சொல்லுங்கள். இரும்புக் கூடுதான் துருப்பிடித்திருக்கும். உள்ளே இருக்கும் மருந்துக்கு வயதாகியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.